பதினேழு பெட்டிகளும் ஒரு பீரோவும்

ஆகஸ்ட் 4, திங்கள்

குக்கர் வாஷர் போய்விட்டது. பாதி வெந்த சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம். ஹெச்.எம். சீனிவாசகம் சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாசலில் ஒரு லோடு ஆட்டோ. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் காசிராஜன் அண்ணாச்சி எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பெட்டிகள் அனுப்பியிருக்கிறார். பாம்புக் கட்டம், லூடோ, ஞாபகச் சீட்டு, மிருகச் சீட்டு, இன்னும் என்னென்னவோ. பதினேழு பெட்டி. எல்லாம் அவரே அச்சடித்தவை.

எங்கள் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் சார். ஆகவே பொறுப்பு யாருக்கு என்று முடிவாக அதிக நேரம் ஆகவில்லை.

"டீச்சர், இது உங்க பொறுப்பு. இன்ஸ்பெக்சன் வரும்போது ஒரு சீட்டு குறையக் கூடாது" என்றார். பெட்டிகளைப் பீரோவில் அடுக்கிப் பூட்டினார். பிறகு திரும்பி நின்று சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பொறுப்பு எனக்கு. சாவி அவர் இடுப்பில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எண்ணினேன். சீட்டு 388. பகடை 9. லூடோ காய் 48. மூன்று மணி நேரம் ஆயிற்று. 310 வரை வந்திருந்தபோது ஐந்தாம் வகுப்பு ஓவியா எட்டிப் பார்த்து, "எம்புட்டு வந்திருக்கு டீச்சர்" என்று கேட்டாள். மறந்துவிட்டது. முதலிலிருந்து.

மிருகச் சீட்டில் ஓர் அச்சுப்பிழை. புலிப் படத்துக்குக் கீழே 'கழுதை' என்று போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் எடுத்து ஒளித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஓவியா கண்ணில் பட்டுவிட்டது.

"இது கழுதைப்புலி டீச்சர்" என்றாள்.

பிழை திருத்தப்பட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாலிதீன் உறையைப் பிரிக்கக் கூடாதாம். பிரித்தால் அழுக்காகுமாம். "அப்ப எப்படி சார் விளையாடுறது?" என்றேன். சார் நெடுநேரம் யோசித்து, பிற்பகல் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் பீரோவைத் திறந்து வைத்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். தொடக் கூடாது. ஒன்றாம் வகுப்பு மணிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவன் பின்னால் வந்த எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னேன். இவர் சாப்பிடும்போது சிரித்து, புரையேறி, நானே தலையில் தட்டவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனிதருக்குச் சாப்பிடும்போது சிரிக்கக் கூடாது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

தலைவலி. எழுதவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

இந்த டைரியில் பதிமூன்று இரண்டு முறை வருகிறது, பதினான்கு இல்லை. பைண்டிங்கில் வேலை பார்க்கும் நாத்தனார் கழித்துக் கட்டியதில் ஒன்றைக் கொடுத்தாள். போகட்டும்.

இன்று சிரிப்பு வரவில்லை. தீபாவளிச் சீசன் என்பதால் பிள்ளைகளின் அம்மாக்கள் போகும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஏழு மணிக்குத்தான் திரும்புகின்றன. நாலரைக்குப் பள்ளி விடுகிறோம். இடையில் இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று நான் இத்தனை வருடத்தில் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லையே. இன்று பஸ் வரவில்லை என்று நடந்து வந்தேன். கம்பெனிக்குப் பின்னால் கழிவு கொட்டும் பள்ளம். அதற்குள் ஓவியாவும், மூன்றாம் வகுப்பு முத்துப்பாண்டியும், இன்னும் நாலு பேரும். பை நிறைய வெடிமருந்து ஒட்டிய காகிதக் குழாய். முத்துப்பாண்டி விரலெல்லாம் வெள்ளிப் பொடி.

"மினுமினுன்னு இருக்கு டீச்சர்" என்று காட்டுகிறான்.

கையைப் பிடித்து இழுத்து வந்து பள்ளிக் குழாயில் நானே தேய்த்துக் கழுவினேன். அந்தக் காகிதக் குழாய்களை எல்லாம் வாளித் தண்ணீரில் அமுக்கினேன். "வேற என்ன டீச்சர் செய்ய, வேன் வர்ற வரைக்கும்?" என்றாள் ஓவியா. எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

பூட்டிய பீரோவில் பதினேழு பெட்டி வைத்துக்கொண்டு—என்ன பொறுப்பு இது? யாருக்குப் பொறுப்பு?

ஆகஸ்ட் 18, திங்கள்

சாரிடம் பேசிவிட்டேன். பேசினேன் என்ன, கொஞ்சம் சத்தம்தான் போட்டேன். பள்ளத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் அவர் அவர்தான். தினமும் நாலரையிலிருந்து வேன் வரும்வரை பீரோ திறந்திருக்கும். நான் கூட இருக்க வேண்டும். "ஒன்னு தொலைஞ்சாலும் பூட்டிருவேன் டீச்சர். அப்புறம் நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் திறக்க மாட்டேன்." பிள்ளைகளை நிற்கவைத்து அவர்களிடமும் சொன்னார்.

பாலிதீனைப் பிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சேவு தின்ற கையோடு சீட்டைத் தொட்டிருக்கிறார்கள். யானையும் ஒட்டகமும் ஒட்டிக்கொண்டு ஒரே மிருகமாக வருகின்றன. சத்துணவு ஆயா வள்ளித்தாய் இனி சோப்பும் வாளியுமாக வாசலில் உட்காருவார். கை கழுவாமல் உள்ளே விடமாட்டார். சாரையும் விடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒட்டும் சீட்டில் துளி முகப்பவுடர் தடவினால் சரியாகும் என்று இவர் சொன்னார். சரியாகிறது. அந்த 'துளி' என்பதைத்தான் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் கரும்பலகை துடைத்துத் திரும்புவதற்குள் டப்பா காலி. சீட்டு பளபளவென்று இருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகளும் கோலமாவில் விழுந்து எழுந்தவர்கள் போல நின்றார்கள்.

ஏழு மணிக்கு வேனிலிருந்து இறங்கிய முத்துப்பாண்டியின் அம்மா சின்னத்தாய்க்குப் பாதி வழியிலேயே கால் நின்றுவிட்டது. "இதுல எது டீச்சர் எம்புள்ள?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எலி. பூட்டிய பீரோவின் பின் தகட்டில் ஓட்டை போட்டு வந்து, பாம்புக் கட்டத்தில் 97-இல் இருக்கும் பெரிய பாம்பின் தலையை மட்டும் தின்றிருக்கிறது. வேறெதையும் தொடவில்லை. பாம்புக்கும் அதற்கும் என்ன பகையோ.

சார் இருப்புப் பதிவேட்டில் எழுதினார்: 'பாம்பு 1, தலை இல்லை.' தொலைந்தது எலியால், பிள்ளைகளால் அல்ல. ஆகவே பூட்டு இல்லை. அவருக்கும் நியாயம் உண்டு, சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் 97-இல் காய் வந்தால் என்ன செய்வது? மாலை முழுக்க இதே வழக்கு. தலை இல்லாத பாம்பு கடிக்காது என்று ஒரு கட்சி. வாய் இல்லாவிட்டாலும் உடம்பு வழுக்கும், ஆகவே இறங்கித்தான் ஆகவேண்டும் என்று இன்னொரு கட்சி. ஓவியா தீர்ப்புச் சொன்னாள்: "செத்த பாம்பு. ஒரு ஆட்டம் உக்காந்து அழுதுட்டுப் போகணும்."

97-இல் வருகிறவர்கள் ஒரு முறை ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, அழ வேண்டும். இன்று எட்டுப் பேர் அழுதார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாதுகாப்பு ஏற்பாடுகளை இவர் கையில் எடுத்துக்கொண்டார். ஓட்டைக்குத் தகரம் அடித்தார். அட்டைகளுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை. பலகைகளுக்கு மேல், பேரை வெட்டி எடுத்த பழைய எக்ஸ்ரே தாள்களால் உறை. லூடோவைத் திறக்குமுன் யாரோ ஒருவரின் விலா எலும்பைத் திறக்க வேண்டியிருக்கிறது. "இது யாரு காலு டீச்சர்?" என்று முத்துப்பாண்டி கேட்டுக்கொண்டே இருந்தான். தெரியாது என்றால் விடவில்லை. எங்க மாமா கால் என்று சொல்லிவிட்டேன். இனி மாமா வந்தால் நொண்டி நடக்க வேண்டும்.

பகடைகளுக்கும் காய்களுக்கும் திருகுமூடி டப்பா. ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. புத்தம் புதியவை, உறைகூடப் பிரிக்காதவை. எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றிலும் 'சிறுநீர்' என்று அச்சடித்திருக்கிறது. நான் அடித்துவிட்டு 'லூடோ' என்று எழுதுவதற்குள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார்கள். இவ்வளவு தெளிவாக அவர்கள் தமிழ்ப் பாடத்தை வாசித்ததே இல்லை.

சார் அந்த டப்பாக்களைத் தொட மறுக்கிறார். தூரத்திலிருந்து பென்சிலால் சுட்டிக் காட்டி எண்ணுகிறார்.

செப்டம்பர் 3, புதன்

இன்று பள்ளத்தின் பக்கம் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

பகடை எட்டுதான் இருக்கிறது.

நாலு தடவை எண்ணினேன். எட்டு. எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். வள்ளித்தாய் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். சார் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போச்சு, அம்புட்டுத்தான், நாளையிலிருந்து திரும்பப் பள்ளம்தான் என்று நினைத்துக்கொண்டே பீரோவுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன்.

முத்துப்பாண்டி கையைத் தூக்கினான். "டீச்சர், நான் முழுங்கிட்டேன்."

எனக்கு உயிரே இல்லை. இவருக்குப் போன் போட்டேன். மூச்சு விடுகிறானா, எச்சில் வடிகிறதா, வயிறு வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அவன் பக்கத்தில் நின்று சேவு தின்றுகொண்டிருந்தான். உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டு, சின்னதுதான், தானாக வந்துவிடும், வலி வந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். பிளாஸ்டிக் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியாதாம். வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார்.

கம்பெனியிலிருந்து ஓடி வந்த சின்னத்தாய், என்னைத்தான் தேற்றினாள். "போன வருசம் சட்டைப் பொத்தான முழுங்குனான் டீச்சர். அதுவும் வந்துச்சு. நீங்க ஏன் அழுவுறீக?"

செப்டம்பர் 10, புதன்

சாருக்கு ஒரு சட்டச் சிக்கல். முழுங்கியது தொலைந்ததாகுமா, ஆகாதா? பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பென்சிலால், 'பகடை 9 (ஒன்று வெளியில் உள்ளது)' என்று எழுதினார். உள்ளே என்றல்லவா எழுதவேண்டும் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வரட்டும் டீச்சர். வந்தபிறகு முடிவு பண்ணலாம்." கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில், "வந்தா அதை ஸ்டாக்குல சேர்க்கலாமா?"

செப்டம்பர் 11, வியாழன்

வரவில்லை. ஏழு வாழைப்பழம்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் கம்பெனி வேன் பள்ளி வாசலில் வேகம் குறைத்தது. ஜன்னல் வழியாகச் சின்னத்தாய், "இன்னும் இல்ல டீச்சர்" என்று கத்தினாள். வேனில் இருந்த பதினைந்து பெண்களும் அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார்கள், முழுங்கியது நான் என்பது போல. பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "எந்த நம்பர் மேல விழுதுன்னு பாத்துச் சொல்லு சின்னத்தாயி."

பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு கட்சி. ஆறு விழும் என்று பதினெட்டுப் பேர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜெபக் குறிப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னவென்று எழுதுவது? 'ஒரு பிள்ளையின் சுகத்துக்காக' என்று எழுதினேன். பொய் இல்லை. பாஸ்டரம்மா ஞானபூரணி, "என்ன சுகவீனம்?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். சொன்னேன். சபைக்கு நடுவில் அவர்கள் சிரித்த சிரிப்பில் நான் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

முத்துப்பாண்டி வாழைப்பழத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டான். உரித்துக் கையில் கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. ஓவியாதான் என் புடவையை இழுத்தாள்.

"அவன் முழுங்கவே இல்ல டீச்சர்."

"பின்ன ஏம்ல முழுங்குனேன்னு சொன்ன?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "தொலைஞ்சா பூட்டிருவேன்னு சார் சொன்னாகல்ல. வயித்துல இருந்தா தொலையலைல்ல டீச்சர். எங்கிட்டதான இருக்கு."

ஆறு நாள். முப்பதுக்கு மேல் பழம். அதுவும் இவன் எடுத்ததில்லை, இவன் தொலைத்ததும் இல்லை. எங்கே போனதென்று இவனுக்கே தெரியாது.

திட்டத்தான் வாயெடுத்தேன். பழத்தை நான் தின்றேன்.

நாளைக்குச் சாரிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்ல? பிள்ளை பொய் சொன்னான் என்றா? அந்தப் பொய்க்கு நானே கையெழுத்துப் போடுவேனே.

செப்டம்பர் 16, செவ்வாய்

நான் வாயைத் திறக்குமுன் சார் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே பகடை. வெளுத்துப் பளிச்சென்று இருந்தது.

போன செவ்வாய் பீரோ திறந்ததும் இரண்டு பிள்ளைகள் பகடைக்குச் சண்டை போட்டார்களாம். வாங்கிச் சட்டைப்பையில் போட்டாராம். மறந்துவிட்டாராம். நேற்று அவர் மனைவி யோகேஸ்வரி அம்மா துவைக்கும்போது வாளியில் ஏதோ லொடலொட என்றிருக்கிறது.

"அப்ப அவன் வயித்துல என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். முத்துப்பாண்டி சொன்னதை அப்படியே சொன்னேன்.

மணி அடிக்கும் நேரம் தாண்டியும் யாரும் அடிக்கவில்லை. பிறகு சார் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றான். சார் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் செருமினார்.

"ஏலே, இனிமே பழம் திங்க வேணாம்" என்றார்.

அவர் ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்ப்பது இதுதான் முதல் முறை.

அவன் போனதும் திரும்பி நின்று கயிற்றை அவிழ்த்தார். சாவியை என் மேசையில் வைத்தார். சூடாக இருந்தது. கழுவிவிட்டுத்தான் எடுத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

ஐந்து மணிக்குச் சார் வீட்டுக்குப் போகவில்லை. ஞாபகச் சீட்டில் ஒன்றாம் வகுப்பு மணிமுத்துவிடம் தோற்றார். வெளிச்சம் போதவில்லை என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

வெளிச்சம் போதுமான இடத்தில் உட்கார்ந்தார். தோற்றார்.

அக்டோபர் 8, புதன்

இன்ஸ்பெக்சன். அதிகாரி பீரோவைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். மூலை மழுங்கிய பெட்டிகள், எக்ஸ்ரே உறை, அடித்துத் திருத்திய டப்பாக்கள். ஒரு டப்பாவை எடுத்துப் படித்துப் பார்த்துச் சட்டென்று கீழே வைத்தார்.

"குடுத்து ரெண்டு மாசம்தான் ஆகுதாம். ஏன் சார் இப்படிக் கிழிஞ்சு அழுக்கா இருக்கு?"

நான் சாரைப் பார்த்தேன். இந்த ஒரு கேள்விக்காகத்தானே மனிதர் பாலிதீனைப் பிரிக்க விடாமல் காவல் காத்தார்.

"விளையாடுறாங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

அதிகாரி பாம்புக் கட்டத்தை விரித்தார். 97-இல் விரல் வைத்து, "இதுல வந்தா என்ன?" என்று கேட்டார். ஓவியா எழுந்து விதியைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. சார் தலையை ஆட்டி, "அழணும் சார், அதுதான் ரூல்" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளி விடுமுறை நாளையிலிருந்து. சார் வந்து, "லீவுல பீரோவுக்குள்ள கிடந்து என்ன செய்யப் போகுது? வீட்டுக்குக் குடுத்து விடுங்க டீச்சர்" என்றார்.

வீட்டுக்கா? மழை வேறு. ஒழுகும் வீடுகள். அடுப்பங்கரை. ஆடு. "எழுதி வாங்கிக்கிருவோமா சார்? ஒரு கையெழுத்து…" என்று இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது எந்தப் பார்வை என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் நான் அவரைப் பார்த்த பார்வை.

கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு ரப்பர் பேண்ட், மேலே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மேலே அறிவுரை. பிள்ளைகள் அறிவுரையை வாசலிலேயே விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பீரோ காலி. இத்தனை பெரிய பீரோவா இது?

அக்டோபர் 20, திங்கள்

ஊரெல்லாம் வெடி. நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் 388 சீட்டுகளை நினைத்துக்கொண்டேன். "நீ படுத்துத் தூங்கு பியூலா" என்றார் இவர்.

அக்டோபர் 23, வியாழன்

பதினாறு பெட்டி வந்துவிட்டது. ஒன்றில் மஞ்சள் கறை. ஒன்றில் முறுக்குத் துண்டு, முழுசாக. நான்கு சீட்டில் யாரோ ஓரத்தைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், கம்பெனியில் குழாய் ஒட்டுகிற கை. என்னால் அப்படி ஒட்ட முடியாது. எண்ண உட்கார்ந்தேன். முதல் பெட்டி முடிந்ததும் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றதை எண்ணவில்லை.

முத்துப்பாண்டியிடம் போன லூடோ மட்டும் வரவில்லை. "அம்மா தர மாட்டேங்கிறாக டீச்சர்" என்கிறான்.

அக்டோபர் 25, சனி

பெட்டியை வாங்கிவரலாம் என்று சின்னத்தாய் வீட்டுக்குப் போனேன். தீபாவளி முடிந்து கம்பெனி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. மூன்று பெண்கள் பலகையைச் சுற்றிச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது இடத்தில் இருந்த முத்துப்பாண்டியைச் சின்னத்தாய் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, "ஒக்காருங்க டீச்சர், இவன் ஏமாத்துறான்" என்றாள்.

ஒரு ஆட்டம் மட்டும் என்று பச்சைக் காயோடு உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் விளக்குப் போட்டிருந்தார்கள். என் காய் இரண்டை வெட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரக்கமே கிடையாது. சீசன் முழுக்க வாய் பேசாமல் வேலை செய்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படி ஒரு சத்தம்.

பெட்டியைக் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. சின்னத்தாய் தெரு முனை வரை கூட வந்தாள்.

"நாளைக்குக் கோயில் முடிச்சு நேரா வாங்க டீச்சர். பச்சைக் காய வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."